டு-லெட் போர்டு மாட்டியிருக்கிற உங்ககிட்டதான் எனக்கு வேலை

(எங்க ஏரியா குடியிருப்போர் நலச் சங்கத்து ஆண்டுக் கூட்டத்துல பேசினது. எழுதி அனுப்புங்கன்னு சில பேர் கேட்டதால பேசின வாக்குலயே டைப் பண்ணியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். தண்ணி லாரி, பார்க்கிங், லிஃப்ட் மெயின்டனன்ஸ் சண்டை எல்லாம் முடிஞ்சு இப்ப என்னைக் கூப்பிட்டிருக்கீங்க, பொறுமைக்கு நன்றி. நோட்டீஸ்ல "வீடற்றோருக்கு வீடு"ன்னு தலைப்பு போட்டிருக்காங்க, அதப் பாத்ததும் பாதிப்பேர் இதெல்லாம் கவர்ன்மென்ட் வேலையாச்சேன்னு நினைச்சிருப்பீங்க. கவர்ன்மென்ட் வேலைதான், அதையும் பேசுவேன். ஆனா இந்த ஹால்ல உக்காந்திருக்கிறவங்க முக்கால்வாசிப் பேர் ஹவுஸ் ஓனருங்க, அதனால உங்ககிட்டதான் எனக்கு வேலை, மனநோய், அறிவுசார் குறைபாடு இருக்கிறவங்க தங்க உங்க வீட்ட வாடகைக்குக் கேக்க வந்திருக்கேன்.

முதல்ல ஒண்ணு பிரிச்சுக்கலாம். சென்னையில பிராட்வே, என்.எஸ்.சி. போஸ் ரோடு பக்கம் ராத்திரி போனீங்கன்னா பிளாட்ஃபாரத்துலயே மூணு தலைமுறையா இருக்கிற குடும்பங்களப் பாக்கலாம், மார்க்கெட்ல மூட்டை தூக்குறவங்க, பூ கட்டுறவங்க, வீட்டு வேலை பாக்குறவங்க, எல்லாரும் உழைக்கிற ஜனம். அவங்களுக்கு வேண்டியது கட்டுற மாதிரி வாடகையில வேலைக்குப் பக்கத்துல ஒரு ரூம். நம்ம கவர்ன்மென்ட்ல என்ன பண்றாங்கன்னா கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு ஊருக்கு வெளிய அடுக்குமாடி கட்டி கொண்டுபோய் விட்டுடறாங்க, வீடு கெடச்சுது பொழப்பு போச்சு, கொஞ்ச நாள்ல பல பேர் திரும்ப இங்கயே வந்து படுக்கிறாங்க. அது தனி சப்ஜெக்ட், ஒருநாள் முழுக்கப் பேசலாம்.

நான் இன்னைக்குப் பேச வந்தது அதவிட சிக்கலானவங்களப் பத்தி. மனநோய் வந்து வீட்ட விட்டுப் போனவங்க, அறிவுசார் குறைபாடு இருக்கிற பிள்ளைங்க, அதாவது அம்மா அப்பா இருக்கிற வரைக்கும் பாத்துக்குவாங்க அதுக்கப்புறம் யாருன்னு தெரியாத பிள்ளைங்க. இவங்களுக்கு சாவிய மட்டும் கையில குடுத்தா போதாது, பக்கத்துல ஒரு ஆளும் வேணும்.

நம்ம ஊர்ல "கீழ்ப்பாக்கம்"னு சொன்னாலே சிரிக்கிறோம், சினிமா காமெடியில இருந்து ஸ்கூல் பசங்க கிண்டல் வரைக்கும். 1794ல ஆரம்பிச்ச மனநல ஆஸ்பத்திரி அது, எத்தனையோ பேரை குணமாக்கி அனுப்பியிருக்கு. ஆனா இந்த மாதிரி பெரிய மனநல ஆஸ்பத்திரிகள்ல நாடு முழுக்க ஒரே கதைதான், நோய் அடங்கி பல வருஷம் ஆனவங்க அங்கயே இருப்பாங்க, மருந்தோ டாக்டரோ இல்லாதது காரணம் கிடையாது, கூட்டிட்டுப் போக ஆள் இல்ல, போறதுக்கு வீடு இல்ல. வீட்டுக்காரங்க குடுத்த அட்ரஸே பொய்யா இருக்கும்.

ஆஸ்பத்திரியும் கெடைக்காதவங்க எங்க போனாங்க? ஏர்வாடி ஞாபகம் இருக்கா, 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம், மனநோயாளிங்கள வச்சிருந்த கீத்துக் கொட்டகையில தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க, ஓட முடியல ஏன்னா சங்கிலியில கட்டியிருந்தாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்கள அங்க கொண்டுவந்து விட்டது அவங்கவங்க குடும்பம்தான். அவங்களயும் நான் திட்ட மாட்டேங்க, வேற எடம் என்ன இருந்துச்சு சொல்லுங்க?

இப்ப சட்டம் இருக்கு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 19வது பிரிவு, மனநோய் உள்ள ஒவ்வொருத்தருக்கும் சமூகத்துல எல்லார் கூடவும் வாழ உரிமை உண்டு, குடும்பம் இல்லேன்னோ வீடு இல்லேன்னோ காரணம் காட்டி ஆஸ்பத்திரிலயே வச்சிருக்கக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கு, குரூப் ஹோம், அதாவது சில பேர் உதவியோட சேந்து வாழ்ற வீடு, அந்த மாதிரி எடங்களுக்கு அரசு வழி பண்ணணும்னும் இருக்கு. எழுதியிருக்கு சரி, வீடு எங்கன்னுதான் கேக்கிறேன்.

வெளிநாட்டுல இத எப்படி பண்ணாங்கன்னு கொஞ்சம் சொல்றேன். நியூயார்க்ல சாம் செம்பெரிஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட், தெருவுல இருக்கிற மனநோயாளிங்களப் பாத்துக்கிட்டிருந்தவரு. ஆஸ்பத்திரியில சேத்தா சரியாகி வெளிய வருவாங்க, திரும்ப அதே தெரு, திரும்ப ஆஸ்பத்திரி. அந்தக் காலத்து ரூல் என்னன்னா முதல்ல குடிய விடு, மருந்து ஒழுங்கா சாப்பிடு, ஷெல்டர்ல நல்ல பேர் எடு, அப்புறம்தான் வீடு. இவரு 1992ல அதத் தலைகீழா திருப்பினாரு, முதல்ல வீடு, குடிய விடணும் மருந்து சாப்பிடணும்ங்கிற நிபந்தனை இல்ல, வாடகையில பெரும்பகுதியும் வாரா வாரம் வந்து பாக்கிற ஆளும் நாங்க தர்றோம், மத்தது மெல்ல பேசிக்கலாம். எல்லாரும் சிரிச்சாங்க, வீட்ட நாசம் பண்ணிடுவாங்கன்னாங்க. பத்துல எட்டு பேருக்கு மேல வீட்ட விடாம இருந்தாங்க. கனடாவுல 2009ல இருந்து வான்கூவர், டொரன்டோன்னு அஞ்சு ஊர்ல 2,000 பேருக்கு மேல வச்சு இதையே சோதிச்சுப் பாத்தாங்க, அங்கயும் அதே முடிவுதான் வந்துச்சு.

பின்லாந்து இன்னும் ஒரு படி மேல போச்சு. 2008ல இருந்து தலைநகர் ஹெல்சிங்கில வீடில்லாதவங்க ராத்திரி தங்குற பெரிய பெரிய ஷெல்டருங்கள மூடி அதே கட்டடத்த தனித்தனி ஃபிளாட்டா மாத்தினாங்க, ஒவ்வொருத்தருக்கும் அவங்க பேர்லயே வாடகை ஒப்பந்தம், கீழ் மாடியில உதவிக்கு ஸ்டாஃப். 1987ல 18,000 பேருக்கு மேல வீடில்லாம இருந்த நாடு, 2023ல 3,400 சொச்சம்தான். 2024ல திரும்ப கொஞ்சம் ஏறிடுச்சு, அதையும் சொல்லணும்ல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அங்க வீட்டு வாடகை உதவிய அரசு குறைச்சிருந்துச்சு. காசு நின்னா வீடும் நிக்காது.

"அதெல்லாம் பணக்கார நாடு, குளிர் ஊரு"ன்னு முன்வரிசையில ஒரு சார் முணுமுணுக்கிறது கேக்குது. சரி சார், நம்ம மெட்ராஸுக்கே வருவோம். 1993ல வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார்னு ரெண்டு இளம்பெண்கள், தெருவுல மனநோயோட திரிஞ்ச ஒரு அம்மாவ எங்க கொண்டுபோனாலும் சேத்துக்கல, அதுல இருந்து ஆரம்பிச்சதுதான் தி பேன்யன்ங்கிற அமைப்பு. முதல்ல அவங்களும் காப்பகம்தான் நடத்தினாங்க. நிறைய பெண்கள் சரியாகி ஊருக்குப் போனாங்க, போக ஊரே இல்லாத சிலபேர் வருஷக்கணக்கா அங்கயே தங்கிட்டாங்க. 2015 வாக்குல ஹோம் அகெய்ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஒருத்தரை ஒருத்தர் பிடிச்ச நாலஞ்சு பேர் சேர்ந்து சாதாரண தெருவுல சாதாரண வாடகை வீட்டுல இருப்பாங்க, கூட ஒரு உதவியாளர், பெரிய படிப்பெல்லாம் இல்ல, பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண்தான், கொஞ்சம் டிரெய்னிங் குடுத்திருப்பாங்க. டாக்டர், நர்ஸ் எல்லாம் தேவைக்கு வந்து போவாங்க. போர்டு கிடையாது, பெரிய கேட் கிடையாது. சாம்பார்ல புளி ஜாஸ்தின்னு சண்டை உண்டு, சீரியலுக்கும் பாட்டுக்கும் ரிமோட் சண்டை உண்டு. கேரளா, அஸ்ஸாம், மகாராஷ்டிரான்னு பரவியிருக்கு, 2021ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில நல்ல உதாரணமா இதச் சேத்திருக்காங்க, நம்ம ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியல.

இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா "குணமானாத்தான் வீடு"ன்னு அவங்க சொல்லல. நீங்க சுகர் கண்ட்ரோல்ல இருந்தாத்தான் உங்க வீட்டுல இருக்கலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்குவீங்களா?

காசு எங்க இருந்து வரும்? இங்கதான் கவர்ன்மென்ட்ட கேக்கணும். அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கு தமிழ்நாட்டுல மாசம் 2,000 ரூபா பராமரிப்பு உதவித்தொகை, 2023ல 1,500ல இருந்து ஏத்தினது, நல்ல விஷயம்தான், ஆனா இந்த 2,000ல சென்னையில எங்க ரூம் எடுக்கறது, பைக் நிறுத்த எடம் வேணா கெடைக்கும். அமெரிக்காவுல ஊனமுற்றவங்களுக்கான மானிய வீடுகள்ல அவங்க வருமானத்துல சுமார் 30 சதவீதம்தான் வாடகை, மிச்சத்த அரசு ஓனருக்குக் கட்டிடும். அங்கயும் வெயிட்டிங் லிஸ்ட் நீளம், ஆனா அப்படி ஒரு வழி இருக்கு. நம்ம கிட்ட இருக்கிறது ஷெல்டர். நகரத்துல ஒரு லட்சம் பேருக்கு 100 பேர் தங்குற ஒரு ஷெல்டர், ஆளுக்கு 50 சதுர அடின்னு மத்திய அரசு திட்டத்துல விதி போட்டிருந்தாங்க. 50 சதுர அடின்னா கட்டிலும் பெட்டியும். மழைக்கு ஒதுங்கலாம், ஆயுசுக்கும் இருக்க முடியுமா? கட்டடமா கட்டிக்கிட்டே இருக்கிறத விட வாடகைய மாசாமாசம் அரசு ஏத்துக்கிட்டா இதே தெருவுல அடுத்த மாசமே வீடு திறக்கலாம்னு நான் நினைக்கிறேன்.

திறக்கலாம், யாராவது வீடு குடுத்தா. இதுதான் நான் வந்த வேலை. சட்டமும் காசும் ஆளும் ரெடியா இருந்தாலும் கடைசியில புரோக்கர் போன் பண்ணி "ஓனர் ஃபேமிலிக்குத்தான் குடுப்பாராம்"னுவாரு. பேச்சிலருக்கு இல்ல, அசைவம்னா இல்ல, சில தெருவுல சாதிய மறைமுகமா கேக்கிறோம், மனநோய் உள்ளவங்கன்னா வாசல் கேட்டைக்கூட திறக்க மாட்டோம். நாலு பெண்கள் ஒண்ணா சமைச்சு சாப்பிட்டா அது ஃபேமிலி இல்லையா?

கேள்வி நேரத்துல ஒரு அம்மா கேட்டாங்க, ராத்திரி கத்தினா என்ன பண்றதுன்னு. நியாயமான கேள்வி. கத்தலாம்மா, கூட இருக்கிற ஆள் பாத்துக்குவாங்க, முடியலேன்னா போன் பண்ண டீம் இருக்கு, உங்க மாடி வீட்டு ஐபிஎல் கூச்சலுக்கு அந்த வசதிகூட இல்ல. இன்னொருத்தர் வாடகைக்கு யார் பொறுப்புன்னாரு. இந்த மாதிரி வீட்டுக்கு அத நடத்துற அமைப்பு பேர்லயே அக்ரிமெண்ட் போட்டுக்கலாம், மாசாமாசம் வாடகைய அமைப்பே கட்டும். அட்வான்ஸ் பத்து மாசம் கேக்காதீங்க, நம்ம மாநில வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாட்டி மூணு மாசம்தான். தரைத்தளமா இருந்தா நல்லது, பஸ் ஸ்டாப்பும் அரசு ஆஸ்பத்திரியும் பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது, மாடியா இருந்தாலும் சொல்லுங்க, வாடகை மார்க்கெட் ரேட்டுதான், யாரும் குறைச்சுக் கேக்கல.