கொல்லைப்புறத்தில் பிறந்தவை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நாம் வாழும் ஊரின் வரலாற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சிட்னி என்றால் கேப்டன், கவர்னர், துறைமுகப் பாலம் என்றுதான் எல்லாரும் தொடங்குவார்கள். நான் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போகிறேன். இந்த நாட்டுக்காரர்களின் அன்றாடத்தை மாற்றிய சாமான்கள் சில அங்கேதான் பிறந்தன.

முதலில் துணிக்கொடி. புல்தரை நடுவே ஒற்றைக் கம்பம், தலையில் நாலு கைகள், அவற்றைச் சுற்றிக் கம்பிக் கொடி. கைப்பிடியைச் சுற்றினால் மொத்தமும் மேலே ஏறும். காற்றடித்தால் தானே சுழலும். 1945இல் அடிலெய்டில் லான்ஸ் ஹில் என்பவர் தன் வீட்டுக்காகச் செய்தது அது. கொல்லையில் எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்கள் வளர்ந்து அடைத்துக்கொண்டன, துணி உலர்த்த இடமில்லை என்று மனைவி புகார் சொல்லியிருக்கிறார். மனிதர் இரும்புக் குழாய்களை எடுத்து வேலையில் இறங்கிவிட்டார். அக்கம்பக்கத்தாரும் கேட்கத் தொடங்க, அதுவே ஹில்ஸ் ஹாய்ஸ்ட் என்ற தொழிலானது. சுழலும் கொடியை முதலில் யோசித்தவர் அவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விக்டோரியா மாநிலத்து ஜீலாங் ஊரைச் சேர்ந்த கில்பர்ட் டாய்ன் 1911லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் ஹில்.

நாங்கள் முதலில் குடியிருந்த வாடகை வீட்டிலும் துருப்பிடித்த கொடி ஒன்று நின்றது. ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு இந்த நாட்டில் உடனே பிடித்துப்போனது அது ஒன்றுதான். புடவையின் ஒரு முனையை வெளிக்கம்பியில் மாட்டி கிளிப் போடுவார். அப்புறம் நின்ற இடத்தைவிட்டு நகரவே மாட்டார். கொடியைத் தன் பக்கம் இழுத்து இழுத்துச் சுற்றுவார். ஆறு கஜமும் மடிப்பில்லாமல் கம்பிமேல் ஏறிவிடும். அதில் தொங்கிச் சுற்றாத பிள்ளைகள் இங்கே குறைவு. தொங்கியதற்குத் திட்டு வாங்காத பிள்ளைகளும் குறைவு.

அடுத்தது புல்வெட்டி. 1952இல் சிட்னி கான்கார்டில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தன் கராஜில் செய்த முதல் விக்டா இயந்திரத்துக்குப் பெட்ரோல் டாங்கி என்ன தெரியுமா? பீச் பழம் வந்த காலி டின். சனிக்கிழமை காலைத் தூக்கம் கெடுகிறவர்கள் இவரைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் விழாக்களில் துணிக்கொடியும் புல்வெட்டியும் அரங்கேறின. இப்போது கட்டுகிற வீடுகள் வேலி முதல் வேலி வரை நிரம்பிவிடுகின்றன. கொடி சுவரோடு மடங்கிக் கிடக்கிறது. புல்வெட்டிக்கு வேலையே இல்லை.

மூன்றாவது, கடையில் நீங்கள் எல்லாரும் வாங்கும் பச்சை ஆப்பிள். கிரானி ஸ்மித், அதாவது ஸ்மித் பாட்டி, என்று அதற்குப் பெயர். மரியா ஆன் ஸ்மித் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதி விவசாயக் குடும்பத்துப் பெண். 1838இல் கணவர், பிள்ளைகளோடு கப்பலேறி வந்தவர். பிறகு சிட்னியின் ரைட் பகுதியில், இன்றைய ஈஸ்ட்வுட் பக்கம், பழத்தோட்டம் வைத்தார்கள். தோட்டங்கள் வருவதற்கு முன் அது வல்லுமெடிகல் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். டாஸ்மேனியாவிலிருந்து வந்த ஆப்பிள்களின் கழிவை ஓடைப் பக்கம் கொட்டியதில் ஒரு நாற்று தானாக முளைத்தது என்கிறது வழங்கிவரும் கதை. 1868இல் பழத்தோட்டக்காரர்கள் இருவரை அழைத்து அந்த மரத்தைக் காட்டியிருக்கிறார். இரண்டே வருடத்தில், 1870இல், காலமாகிவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒட்டுப்போட்டு வளர்த்துப் பரப்பினார்கள். சீக்கிரம் கெடாத பழம் என்பதால் கப்பலில் வெளிநாட்டுக்கும் போனது. ஆப்பிள் விதை போட்டால் தாய்மரத்தின் பழம் அப்படியே வராது. அதனால் உலகத்தில் உள்ள கிரானி ஸ்மித் மரங்கள் எல்லாமே அந்த ஒரு கன்றின் வழிவந்த ஒட்டுகள்தான். அந்த அம்மாளுக்கு இது எதுவும் தெரியாது. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே, குப்பையில் முளைத்ததைப் பிடுங்கி எறியாமல் விட்டாரே, அதுதான்.

அம்மாவுக்கு அந்தப் புளிப்பு ஆகவில்லை. "பழமா இது, மாங்காய்" என்றார். மறுநாளே தோல் சீவாமல் பொடியாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி, நல்லெண்ணெயில் கடுகு பொரித்து, வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் தூவிவிட்டார். மாங்காய் கிடைக்காத மாதங்களில் சிட்னித் தமிழர் பல வீடுகளில் இதுதான் ஊறுகாய். தயிர்சாதத்துக்கு அமர்க்களமாக இருக்கும். ஆனால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், அதற்குமேல் கொழகொழத்துவிடும்.

ஈஸ்ட்வுட்டில் இப்போது பழத்தோட்டம் எதுவும் மிச்சமில்லை. சீன, கொரியக் கடைகள் நிறைந்த கடைத்தெரு. இருந்தாலும் அக்டோபரில் அங்கே கிரானி ஸ்மித் பெயரில் திருவிழா நடத்துகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். ரயிலில் போவது நல்லது, காரை நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். நன்றி, வணக்கம்.