இன்னொரு தட்டு: பின்லாந்துப் படங்களில் காதல், நட்பு, ஒதுங்க ஓர் இடம்

[திரை: கடை அலமாரி. ஒரு கை ஒற்றைத் தட்டை எடுக்கிறது.]

ஒரு பெண் கடைக்குப் போகிறாள். ஒரு தட்டு, ஒரு கத்தி, ஒரு முள்கரண்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறாள். வயலின் அழவில்லை. அவள் புன்னகைக்கவும் இல்லை. சற்று நேரம் கழித்துத்தான் நமக்கு உறைக்கிறது: இத்தனை வருடங்களாக அந்த வீட்டில் ஒரே ஒரு தட்டுதான் இருந்திருக்கிறது.

பின்லாந்து இயக்குநர் அக்கி கௌரிஸ்மாக்கி எடுத்து 2023இல் வெளிவந்த 'ஃபாலன் லீவ்ஸ்' படத்தில் வரும் காட்சி இது. அன்று இரவு ஓர் ஆண் விருந்துக்கு வரப்போகிறான். எதிர்பாராத விருந்தாளி வந்தால் 'இன்னோர் இலை போடு' என்று சொல்வோமே, அந்த ஒரு வரியைத்தான் கௌரிஸ்மாக்கி நாற்பது ஆண்டுகளாகப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது என் கட்சி. தன் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் கதைகள் உலக சினிமாவில் ஏராளம். பின்லாந்தின் நல்ல படங்களில் யாரும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறார். அப்படித்தான் இடம் உண்டாகிறது.

ஒரு முன்னெச்சரிக்கை: முடிவுகளையும் சொல்லத்தான் போகிறேன். இந்தப் படங்கள் அதனால் கெட்டுப்போகிற ரகம் இல்லை.

[திரை: ஹெல்சிங்கி. இரவு. டிராம் ஒன்று கடந்து போகிறது.]

அந்தப் பெண்ணின் பெயர் அன்ஸா. நடித்தவர் ஆல்மா போய்ஸ்தி. சூப்பர் மார்க்கெட் ஒன்றில் வேலை பார்க்கிறாள். காலாவதியான உணவைக் குப்பையில் போடாமல் எடுத்துச் செல்கிறாள் என்பதற்காக வேலை போகிறது. உடன் வேலை செய்யும் தோழிகளும் அவளோடு வெளியே நடக்கிறார்கள். முழக்கமில்லை, கண்ணீர் இல்லை. பையைத் தோளில் மாட்டுகிறார்கள், போகிறார்கள். நட்பைக் காட்ட இந்த இயக்குநருக்கு அரை நிமிடம் போதும்.

அந்த விருந்தாளி ஹோலப்பா, நடித்தவர் யுஸ்ஸி வதானென். உலோகத் தொழிலாளி, மொடாக்குடியன். ஏன் மனச்சோர்வு என்று நண்பன் கேட்டால் குடிப்பதால் என்கிறான். ஏன் குடிக்கிறாய் என்றால் மனச்சோர்வால் என்கிறான். இருவரும் ஒரு கரோக்கி பாரில் பார்த்துக்கொள்கிறார்கள், பிறகு ஒரு சினிமாவுக்குப் போகிறார்கள். காதலர்கள் முதன்முதலாகச் சேர்ந்து பார்ப்பது அமெரிக்க இயக்குநர் ஜிம் ஜார்முஷ் எடுத்த பிணங்கள் எழுந்து நடமாடும் படம்! வெளியே வரும் இரண்டு பெரியவர்கள் அதை பிரெஞ்சு சினிமா மேதைகளான பிரெசோனோடும் கொதாரோடும் தீவிரமாக ஒப்பிடுகிறார்கள். சினிமா விமர்சகர்களுக்கு இதைவிட அன்பான குட்டு யாரும் வைத்ததில்லை.

அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. தொலைபேசி எண்ணை மட்டும் துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கிறாள். அவன் சிகரெட் எடுக்கும்போது தாள் காற்றில் போய்விடுகிறது. இனி எப்படிச் சந்திப்பார்கள்? அவன் அதே தியேட்டர் வாசலில் வந்து நிற்கிறான். அவள் வரும்போது அவன் இல்லை. தரையில் சிகரெட் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. அவள் அதைப் பார்க்கிறாள். எவ்வளவு நேரம் காத்திருந்தான் என்பது நமக்கும் தெரிந்துவிடுகிறது. இந்தப் படத்தின் காதல் கடிதம் அதுதான்.

பிறகுதான் அந்த விருந்து. சாப்பிட்டு முடித்ததும் அவன் சட்டைப்பைக் குப்பியைத் தேடிப் போகிறான். அவளுடைய அப்பாவும் அண்ணனும் குடியால் செத்தவர்கள். அம்மா அந்தத் துக்கத்தில் போய்ச் சேர்ந்தவள். குடிகாரன் எனக்கு வேண்டாம் என்கிறாள். எனக்கு யாரும் கட்டளையிட வேண்டாம் என்று அவன் கிளம்புகிறான். அவள் அந்தப் புதுத் தட்டையும் கத்தியையும் முள்கரண்டியையும் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுகிறாள்.

[திரை: சற்று நேரம் கறுப்பு.]

கழுவி அடுக்கி வைத்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஒருவருக்கென்று போட்ட இடத்தை அவர் எழுந்து போன பிறகும் பார்த்துக்கொண்டே இருப்பது எவ்வளவு கொடுமை என்று, தனியாக வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

81 நிமிடப் படம். பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்றது. அவள் வீட்டு ரேடியோவைத் திருப்பும்போதெல்லாம் உக்ரைன் போர்ச் செய்தி வருகிறது. ரேடியோவோ பழைய காலத்துப் பெட்டி. கௌரிஸ்மாக்கியின் ஹெல்சிங்கியில் காலண்டர் ஒரு காலத்தைச் சொல்லும், நாற்காலியும் பாட்டுப்பெட்டியும் வேறொரு காலத்தைச் சொல்லும். நடிகர்கள் உம்மென்று, வசனத்தைக் குரல் ஏற்றாமல் ஒப்பிப்பார்கள். முதன்முறை பார்ப்பவருக்கு நடிக்கத் தெரியவில்லையோ என்று சந்தேகம் வரலாம். பத்து நிமிடம் பொறுத்தால், ஒரு புருவம் உயர்ந்ததே பெரிய சம்பவமாகத் தெரியத் தொடங்கும். ஆரம்பம் முதலே அவரோடு இருக்கும் ஒளிப்பதிவாளர் தீமோ சல்மினென், அந்த முகங்களுக்குப் பழைய ஹாலிவுட் நட்சத்திரங்களுக்குரிய வெளிச்சத்தைக் கொடுக்கிறார். குப்பை லாரி ஓட்டுபவருக்கும் அதே வெளிச்சம்.

குப்பை லாரி என்பது அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. 1986இல் வந்த 'ஷேடோஸ் இன் பாரடைஸ்' படத்தின் நாயகன் குப்பை அள்ளுபவன், நாயகி சூப்பர் மார்க்கெட் காசாளர். மத்தி பெல்லொன்பாவும் கதி ஓவ்தினெனும் நடித்தார்கள். தொங்கு மீசையும் சோகக் கண்களுமாக இருந்த பெல்லொன்பா இயக்குநரின் நெருங்கிய நண்பரும்கூட. 1995இல் 44 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார்.

அப்போது கௌரிஸ்மாக்கி அவருக்காகவே ஒரு பாத்திரத்தை எழுதி வைத்திருந்தார்: மூடப்படும் உணவகம் ஒன்றின் தலைமைப் பரிசாரகர். வேறொரு மீசைக்காரரைத் தேடாமல் அந்தப் பாத்திரத்தைப் பெண்ணாக்கி ஓவ்தினெனிடம் கொடுத்தார். 1996இல் வந்த 'ட்ரிஃப்டிங் கிளவுட்ஸ்' அது. அவளுடைய வீட்டில், இறந்துபோன குழந்தையின் புகைப்படம் ஒன்று இருக்கிறது. அது பெல்லொன்பாவின் சிறுவயதுப் படம். செத்த நண்பனுக்கு அந்தச் சட்டகத்துக்குள் ஓர் இடம்.

அந்தப் படத்தின் காலத்தையும் சொல்ல வேண்டும். சோவியத் ஒன்றியம் சரிந்ததில் பின்லாந்தின் ஏற்றுமதியும், கடனில் ஊதிப்போயிருந்த வங்கிகளும் ஒருசேர அடிவாங்கின. 1990இல் 3 சதவீதத்தை ஒட்டியிருந்த வேலையின்மை, 1994இல் 16 சதவீதத்தைத் தாண்டியது. படத்தில் கணவன் டிராம் ஓட்டுநர். அவனுக்கும் வேலை போகிறது. கடைசியில் அவளுடைய பழைய முதலாளியம்மாவின் பணத்தில் ஓர் உணவகம் திறக்கிறார்கள். பெயர் 'வேலை'. முதல் நாள் முதலில் ஒருவரும் வரவில்லை. மேசைகள் காலியாகக் கிடக்கின்றன. பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்குகிறார்கள். தொலைபேசியும் அடிக்கிறது: தொழிலாளர் மல்யுத்தச் சங்கம், முப்பது பேருக்கு இடம் வேண்டுமாம்! இடமில்லாமல் திரிந்தவர்களிடம் முப்பது பேருக்கு இடம் கேட்கிறார்கள். இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்திருக்கிறேன்.

[திரை: துறைமுகம். துருப்பிடித்த சரக்குப் பெட்டகங்கள்.]

'தி மேன் விதவுட் எ பாஸ்ட்', 2002. கானில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி, ஓவ்தினெனுக்குச் சிறந்த நடிகை விருது. ரயிலில் ஹெல்சிங்கி வந்து இறங்கியவனை ரவுடிகள் அடித்துப்போடுகிறார்கள். நினைவெல்லாம் போய், பெயர் இல்லாமல், சரக்குப் பெட்டகங்களில் குடியிருக்கும் ஏழைகளிடம் வந்து சேர்கிறான். அவனுக்கும் ஒரு பெட்டகம் வாடகைக்குக் கிடைக்கிறது. வாசலில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறான். ஒருவர் வந்து திருட்டு மின்சாரம் இழுத்துக் கொடுக்கிறார். என்ன தர வேண்டும் என்று கேட்டால், நான் சாக்கடையில் குப்புற விழுந்து கிடப்பதைப் பார்த்தால் மல்லாக்கப் புரட்டிப் போடு என்கிறார். நட்புக்கு இவ்வளவு கறாரான கூலியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

'தி அதர் சைட் ஆஃப் ஹோப்', 2017. இங்கே இடம் தேடி வருபவன் சிரியாவிலிருந்து கரிக்கப்பலில் ஒளிந்து வந்த காலித். அலெப்போ அப்படியொன்றும் ஆபத்தான ஊர் இல்லை என்று அவனது அடைக்கல விண்ணப்பத்தை அதிகாரிகள் நிராகரிக்கிறார்கள். தொலைக்காட்சியிலோ அதே அலெப்போ குண்டுவீச்சில் எரிகிறது. ஓர் உணவகத்தின் குப்பைத்தொட்டிப் பக்கம் அவன் படுத்திருக்கும்போது முதலாளி விரட்ட வருகிறார். அவன் மூக்கில் ஒரு குத்து, இவர் மூக்கில் ஒரு குத்து. வெட்டு. அடுத்த ஷாட்டில் காலித் அதே உணவகத்தின் மேசையில் சூப் குடித்துக்கொண்டிருக்கிறான். இடையில் நடந்த மனமாற்றம், மன்னிப்பு, அறிமுகம் எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டார் இயக்குநர். பசித்தவன் சாப்பிடுவதற்கு வசனம் எதற்கு?

கௌரிஸ்மாக்கியோடு பின்லாந்து முடிந்துவிடவில்லை. யூஹோ குவோஸ்மனென் இன்னும் நெருக்கமாக, வியர்வை தெரியப் படமெடுப்பவர். 2021இல் வந்த 'கம்பார்ட்மென்ட் நம்பர் 6' படத்துக்கும் கானில் கிராண்ட் பிரி, ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியோடு பகிர்ந்து. 1990களின் ரஷ்யா. மாஸ்கோவில் படிக்கும் பின்லாந்துப் பெண் லவுரா, பழங்காலப் பாறைச் செதுக்கல்களைப் பார்க்க வடகோடியிலுள்ள மூர்மன்ஸ்க் நகருக்கு ரயிலில் போகிறாள். உடன் வருவதாக இருந்த காதலி இரினா வரவில்லை. அதே பெட்டியில் லியோகா என்ற சுரங்கத் தொழிலாளி. குடித்துவிட்டு முதல் இரவே கேட்கக்கூடாததைக் கேட்கிறான். அவள் வேறு பெட்டி கேட்டுப் பார்க்கிறாள், கிடைக்கவில்லை. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் அவனோடுதான் போயாக வேண்டும்.

உன் மொழியில் 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்பதை எப்படிச் சொல்வார்கள் என்று அவன் கேட்கிறான். எரிச்சலில் அவள் 'ஹைஸ்தா வித்து' என்கிறாள். அது, 'தொலைந்து போ' என்பதைவிடப் பல மடங்கு பச்சையான வசவு. அவன் அதை நம்பி மனப்பாடம் செய்துகொள்கிறான். குளிர்காலத்தில் செதுக்கல்களுக்குப் போக வழியே இல்லை என்று எல்லாரும் கைவிரித்த பிறகு, அவளை எப்படியோ அழைத்துப் போவதும் அவன்தான். கடைசியில் அவளிடம் ஒரு தாள் வந்து சேர்கிறது. அவன் கிறுக்கிய அவள் முகம். பின்னால் அந்த இரண்டு சொற்கள். அவள் சிரிக்கிறாள். அவர்களுக்குள் இருந்தது காதலா நட்பா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. படமும் அந்தக் கேள்வியைச் சட்டை செய்வதில்லை.

[திரை: மருத்துவமனை வாசல். இலையுதிர்காலம்.]

மறுபடி அன்ஸாவிடம் வருவோம். ஹோலப்பா பாட்டில்களைக் காலி செய்து கொட்டிவிட்டு அவளுக்குத் தொலைபேசியில் சொல்கிறான். உடனே வா என்கிறாள். ஓடிவரும் வழியில் விபத்தில் சிக்கி நினைவிழந்து கிடக்கிறான். அவள் கட்டிலருகே உட்கார்ந்து படித்துக் காட்டுகிறாள். ஒருநாள் கண் விழிக்கிறான். ஊன்றுகோல்களோடு வெளியே வருகிறான்; அவள் எடுத்து வளர்க்கும் தெருநாயும் கூட நடக்கிறது. அதன் பெயர் சாப்ளின்.

மூவரும் நம் பக்கம் முதுகு காட்டித் தொலைவில் போகிறார்கள். அன்ஸா மறுபடி அந்தக் கடைக்குப் போய்த் தட்டு வாங்கினாளா என்பதைப் படம் காட்டுவதில்லை.