மாமத் என்னும் பெயரடை

நேயர்களுக்கு வணக்கம். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் நடைபெறும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் பற்றி நான் எழுதிக்கொடுத்த ஆங்கிலப் பத்தியைத் தமிழாக்கம் செய்த மாணவி ஒருத்தி, மாபெரும் கூட்டம் என்ற பொருளில் ‘மாமத் கிரவுட்’ (mammoth crowd) என்றிருந்த இடத்தில் ‘யானைக் கூட்டம்’ என்று எழுதிவிட்டாள். ஆந்திர எல்லைக் காட்டிலிருந்து யானைகள் இறங்கிவந்து விளைந்த பயிரை மிதித்துவிட்டுப் போகும் ஊர்ப்பக்கத்தில் வளர்ந்த பிள்ளை அவள். அகராதியில் யானை என்று கண்டதும் அவள் மனத்தில் எழுந்தது மெய்யான யானைதான்.

மாமத் என்பது அழிந்துபோன, மயிரடர்ந்த யானையினத்தின் பெயர். ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், பெயரடையாகப் பரவியது அமெரிக்காவில். 1801இல் நியூயார்க் மாகாணத்தில் ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் தோண்டியெடுத்த பேருருவ எலும்புகளை மக்கள் மாமத் என்றே அழைத்தார்கள். அவை மாஸ்டோடான் என்ற வேறொரு விலங்கினுடையவை என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள், 1802 புத்தாண்டு நாளில், மாசசூசெட்ஸின் செஷயர் ஊரார் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனுக்கு 1,235 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 560 கிலோ எடையுள்ள ஒரே பாலாடைக்கட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதற்கும் ‘மாமத்’ என்ற அடைமொழியே ஒட்டிக்கொண்டது.

இன்று இச்சொல் வேலை, திட்டம், கூட்டம், முயற்சி ஆகியவற்றுக்கு முன்னால் இயல்பாக அமர்கிறது. அன்பையோ புகழையோ மாமத் என்பதில்லை. பருமனின் உச்சம் சொல்லுக்குள்ளேயே இருப்பதால், ‘வெரி மாமத்’ என்று மிகைப்படுத்தினால் காதுக்கு உறுத்தும்.

தமிழாக்கும்போதுதான் நிதானம் வேண்டும். பெரிய வேலைக்கு ஆங்கிலம் விலங்கைத் துணைக்கழைக்க, நாம் மலையை அழைக்கிறோம்: ‘வேலை மலைபோல் குவிந்து கிடக்கிறது’ என்கிறோம். சுற்றிலும் கரடும் குன்றுமாக நிற்கும் வேலூரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. நமக்கு யானை பசிக்கு உவமை. ‘யானைப் பசிக்குச் சோளப்பொரி’ என்பது எல்லார் வாயிலும் வரும். இயந்திரம் என்றால் ராட்சதன் வந்துவிடுகிறான்: ராட்சத கிரேன், ராட்சதக் குழாய். ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்குத் தமிழில் இடத்துக்கு ஒரு சொல் இருக்க, எல்லாவற்றுக்கும் ‘பிரம்மாண்டம்’ என்றே எழுதிவருவது எனக்கு வருத்தமளிக்கிறது.

அந்த மாணவி ‘யானைக் கூட்ட’த்தை அடித்துவிட்டு ‘மக்கள் வெள்ளம்’ என்று எழுதினாள். கவுண்டன்ய ஆற்றங்கரையில் நடக்கும் விழாவுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.