பந்திக்கு முந்தட்டும் நம் பெண் பிள்ளைகள்

(கும்பகோணத்தில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, சம்பா நடவு வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் திருவையாறு, வலங்கைமான் நண்பர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த அரிசி ஆலை உரிமையாளர் ஐயா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். நூலகர் அம்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளை நூலகத்தில் சித்திரக்கதைக்கென்று ஓர் அலமாரி ஒதுக்கியவர் அவர்தான். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் விளையாட்டுகளைப் பற்றிய காமிக்ஸில் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று விஷயம் பேசுகிறேன். பெண் பாத்திரத்தின் உடை, கதையில் அவளுடைய இடம், அவளை எழுதுகிறவர் யார் என்பது.

பெரியவர்களுக்காக விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு பேர் உட்காருவார்கள். ஒருவர் கேம் மாஸ்டர், கதையை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன், வைத்தியம் பார்க்கும் பூசாரி. என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதற்கெல்லாம் தாய். அதன் 1978 விதிப்புத்தகத்தில் மனிதப் பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கு ஆணைவிடக் குறைவான உச்சவரம்பு போட்டிருந்தார்கள். டிராகன் நெருப்பைக் கக்கும் உலகத்தில்கூடப் பெண்ணுக்கு ஒரு படி கீழேதான் இடம்! 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அதை எடுத்தார்கள்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். பெண்ணுக்கு மட்டும் பந்திக்கும் பிந்து, படைக்கும் பிந்து என்று ஆக்கி வைத்திருக்கிறோம்.

முதலில் உடை. ஆண் வீரனுக்குக் கழுத்திலிருந்து கால் வரை இரும்புக் கவசம். பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு வயிறு தெரிய ஒரு கச்சை. அம்பு எங்கே பாயும் என்று வரைந்தவருக்குத் தெரியாதா? ரிச் பர்லூ 2003-இல் தொடங்கிய ‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ என்ற காமிக்ஸில் எல்லோருமே குச்சி மனிதர்கள். அதில் ஹேலி என்றொரு திருடி வருகிறாள். அவள் பேச்சும் தந்திரமும்தான் நம் மனத்தில் நிற்கின்றன. தலைவன் செத்ததும் மிச்சமிருக்கும் ஆட்களை நடத்துபவளும் அவள்தான்.

அடுத்தது இடம். ஜாலி பிளாக்பர்ன் 1990-இல் தொடங்கிய ‘நைட்ஸ் ஆஃப் தி டின்னர் டேபிள்’ காமிக்ஸில் விளையாடும் மேசையில் சாரா என்ற பெண் இருக்கிறாள். கூட ஆடும் ஆண்கள் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டப் பாய்வார்கள். பேசிப் பார்க்கலாமே என்பாள் சாரா. மரியாதையான இடம்தான். ஆனால் பெண் என்றால் எப்போதும் பொறுப்பாகவே இருக்க வேண்டுமா? கூத்தடிக்கும் உரிமை அவளுக்கும் வேண்டாமா? 2013-இல் வந்த ‘ராட் குயீன்ஸ்’ நான்கு பெண்களைக் குடிக்கவும் சண்டை போடவும் ஊரை ரெண்டாக்கவும் விட்டது. அதில் பெண்களுக்கும் தாடி வளரும் குள்ளர் குலத்து வயலட் தன் தாடியையே மழித்துக்கொண்டவள்!

மூன்றாவது, எழுதுகிறவர் யார் என்பது. கதை ஒரு பெண்ணின் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அண்ணன் மகள் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். போன தீபாவளிக்குக் குத்தாலத்தில் நல்ல மழை. சென்னையில் இன்ஜினியரிங் படிக்கும் பையன்கள் வந்து கூடத்தில் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். பத்தாவது படிக்கும் இவள், “நானும் வரேண்ணா” என்றாள். “சரி, நீ வைத்தியச்சி. பின்னாடி நில்லு, அடிபட்டா மருந்து போடு” என்றார்கள். பாலத்தில் ஒரு பூதம் வழி மறித்தது. மூன்று பேரும் வாளோடு பாய்ந்தார்கள், மூன்று பேரும் விழுந்தார்கள். இவள் முன்னால் போய், “ஏன் பூதம், சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?” என்று கேட்டாள். கதை நடத்திய பையன் முழித்தான். அப்புறம், “மூணு நாள்” என்றான். “எங்க மூட்டையில சோறும் கோழிக்குழம்பும் இருக்கு. தின்னுட்டு வழியை விடு.” பகடையை உருட்டினாள். இருபது! ஊஞ்சலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எங்கள் அம்மா, “பூதத்துக்கும் பசிக்கும்னு இந்த மூணு தடியனுக்கும் தோணலையே” என்றார். மறுநாள் கேம் மாஸ்டர் நாற்காலி அவளுக்கு வந்தது. கொள்ளிடத்தில் ஆடி வெள்ளம், ராத்திரியில் மணல் வண்டி, மதகுச் சாவியைத் திருடிய நாட்டாண்மை என்று கதையை ஓட்டினாள் பாருங்கள், பையன்கள் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

அவளுக்கு வீட்டில் கூடம் இருந்தது. கூடம் இல்லாத வீட்டுப் பிள்ளை எங்கே போவாள்? நூலகத்துக்குத்தான் வர வேண்டும். நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892-இல் பிறந்தது நம் சீர்காழியில். 1931-இல் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போன நூலகம் மன்னார்குடி மேலவாசலில் தொடங்கியது. 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தக் காசில் டெல்டா முழுக்கக் கிளை நூலகங்களில் ஒரு மேசை, ஐந்தாறு நாற்காலி, ஒரு செட் பகடை, ஓர் அலமாரி காமிக்ஸ் கேட்கிறோம். சனிக்கிழமை மாலை அந்த மேசை பெண் பிள்ளைகளுக்கு. கதை நடத்தும் நாற்காலியும் அவர்களுக்கு. பந்திக்கு முந்து என்று அவர்களைப் பார்த்து ஒரு முறையாவது சொல்வோமே!

பெண்ணை வைத்துக் கதை வந்தால் யார் படிப்பார்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. 1984-இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தன் முதல் இதழையே மாடஸ்டி பிளைசி என்ற சாகசக்காரியை நாயகியாக வைத்துத்தான் கொண்டுவந்தது. நம் ஆட்கள் வாங்கிப் படித்தார்கள், பத்திரப்படுத்தியும் வைத்திருக்கிறார்கள்.

நூலகத்தில் மேசையும் காமிக்ஸும் கேட்கும் மனு வாசலில் இருக்கிறது. பெயர், ஊர், கையெழுத்து போதும். மகளையும் பேத்தியையும் அழைத்து வந்தவர்கள் அவர்களையும் போடச் சொல்லுங்கள். மனுவைத் தன் கையாலேயே வாங்கி மேலே அனுப்புவதாக நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.