மயில் கழுத்துக்கு எத்தனை எண்?

வணக்கம் மக்களே, நகரியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது எதிர்வீட்டு விசைத்தறி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவின் புடவை ஆர்டர்களுக்காகப் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதுகிறேன். நிறத்தின் பெயரைக் கொடுத்தால் திரையில் அந்த நிறம் வர வேண்டும். படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தில் இமேஜ்கலர் என்ற பகுதி இருக்கிறது. அதன் கெட்ஆர்ஜிபி ஃபங்ஷனிடம் 'டொமேட்டோ' என்று கொடுத்தால் 255, 99, 71 என்று சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவும் வந்துவிடும். 'டார்க் கிரீன்' என்று நடுவில் இடம் விட்டால் வேல்யூ எரர் என்று பிழைதான் வரும், சேர்த்து எழுதுங்கள்.

உள்ளே கணக்கு எதுவும் இல்லை, பெயருக்கு எதிரே எண் எழுதிய ஒரு டிக்‌ஷனரி, அவ்வளவுதான். அதில் 'கிரே' மூன்றும் 128, 'டார்க்கிரே' மூன்றும் 169. எண் கூடினால் வெளிச்சம் கூடும்; அதனால் அடர் சாம்பல்தான் வெளிறித் தெரிகிறது! கிரே பழைய எச்டிஎம்எல்லின் 16 நிறங்களில் ஒன்று. டார்க்கிரே, யூனிக்ஸ் கணினிகளின் திரை அமைப்பான எக்ஸ்11-இன் பட்டியலிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தபோது யாரும் இதைச் சரிசெய்யவில்லை. பெயரை நம்பி பார்டருக்கு நிறம் வைக்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

சரி, அரக்கு? எம்.எஸ். ப்ளூ? அந்தப் பட்டியலில் கிடையாது. அதனால் நானே ஒரு டிக்‌ஷனரி போட்டேன். எங்கள் ஊரில் ஆர்டர் தமிழ், தெலுங்கு இரண்டு மொழியிலும் வரும். 'கிளிப்பச்சை', 'சிலகபச்ச' இரண்டுக்கும் ஒரே எண். நூல்கண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திரையோடு ஒட்டிப் பிடித்து, ஒத்துப்போகும் வரை எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

மயில் கழுத்துதான் படியவே இல்லை. பாவு, அதாவது நீளவாட்டு நூல், நீலம்; ஊடை, அதாவது குறுக்கு நூல், பச்சை. புடவையை அசைத்தால் நிறம் மாறும். இரண்டின் சராசரியை எடுத்து வைத்தேன். சித்தப்பா பார்த்துவிட்டு, "இது வெறும் தண்ணி கலர்டா, மயில் எங்க?" என்றார்.

அவர் சொன்னது சரி. ஒரு பெயருக்கு ஒரு எண்தான் என்று யார் சொன்னது? இப்போது மயில் கழுத்துக்கு இரண்டு நிறம் வைத்திருக்கிறேன்; ஒரு பிக்சல் நீலம், ஒரு பிக்சல் பச்சை என்று தறி மாதிரியே வரைகிறது. இதோ, திரையைப் பாருங்கள். நேற்று சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஊடையைக் கொஞ்சம் இருட்டாக்கு" என்றார். பச்சையை 120-லிருந்து 95-க்கு இறக்கியிருக்கிறேன்.