இயக்கத்துக்கு உராய்வு துணையே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பொருள்களின் இயக்கத்துக்கு உராய்வு துணையா தடையா என்ற வினாவுக்குத் தடையே என்று வாதிட்ட எதிரணித் தலைவர் இரண்டு சான்றுகளை முன்வைத்தார். திருவாரூர் ஆழித்தேரை அசைக்க அத்தனை கைகள் தேவைப்படுவது உராய்வினால் என்றார். கார் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உராய்வை வெல்லவே செலவாகிறது என்றார். இரண்டாவது கணக்கை நான் மறுக்கவில்லை. அந்த இழப்பு எங்கே நேர்கிறது என்பதை மட்டும் பிறகு கேட்கிறேன்.

முதலில் தேருக்கு வருகிறேன். 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்ட அந்தத் தேரை இழுப்பவர்கள் தரையைக் காலால் பின்னோக்கி உந்தும்போது, பாதம் வழுக்கிவிடாமல் பிடித்துக்கொள்ளும் நிலை உராய்வுதான் அவர்களை முன்னோக்கிச் செலுத்துகிறது. உள்ளங்கைக்கும் வடத்துக்கும் இடையிலுள்ள உராய்வுதான் அந்த விசையை வடத்தில் ஏற்றுகிறது. வீதியெங்கும் எண்ணெய் பரவியிருந்தால் என்ன நடக்கும்? தேர் நகராது, வடம் பிடித்தவர்களே தேரை நோக்கிச் சறுக்கிப் போவார்கள். தேரின் சக்கரமும் அப்படித்தான்: தரை அதைப் பற்றிக்கொள்வதால்தான் அது உருள்கிறது, இல்லையேல் சுழலாமல் வழுக்கிக்கொண்டே செல்லும். அச்சில் மசகு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சுக்கு உரிய நியாயத்தைத் தரைக்கும் சேர்த்துப் பேசுவது முறையன்று.

ஓடத் தொடங்கிய தேரை வீதி முனையில் திருப்புவது யார்? சக்கரத்தின் முன்னே சரியான கோணத்தில் முட்டுக்கட்டையைச் செருகி, ஒரு பக்கத்தைத் தாமதப்படுத்தி, அத்தனை எடையையும் திசைமாற்றுகிற அந்தத் தொழிலாளர்களின் திறமைக்கு உரிய பாராட்டு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். அவர்கள் கையாளும் கருவி உராய்வு. திருச்சி பெல் நிறுவனம் அந்தத் தேருக்கு அமைத்துக் கொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும் உராய்வினாலேயே இயங்குகிறது.

இனி எரிபொருள் கணக்கு. வழுக்காமல் உருளும் சக்கரத்தில், தரையைத் தொடும் பகுதி அந்தக் கணத்தில் தரையைப் பொறுத்தவரை நகராமல் நிற்கிறது. நழுவல் இல்லாத இடத்தில் நிலை உராய்வு ஆற்றலை வெப்பமாக்குவதில்லை. எதிரணி காட்டிய இழப்பின் பெரும்பகுதி எஞ்சினுக்குள் பிஸ்டனும் தாங்கிகளும் உரசுவதாலும், டயர் நசுங்கி மீள்வதாலும் நேர்கிறது. காரை முன்னே செலுத்தும் பிடிமானத்தின்மீது அந்தப் பழியைச் சுமத்தலாகாது.

அந்தப் பிடிமானம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், பிடிமானத்தின் அளவைச் சொல்லும் எண்ணான உராய்வுக் குணகம் 0.7 உள்ள உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும். மழை நனைத்து அது 0.4 ஆகக் குறைந்தால் 35 மீட்டர் ஓடும். சாலையைக் கடக்கும் குழந்தைக்கு அந்த 15 மீட்டர்தான் உயிர்.

தண்டவாளம் நனைந்து சக்கரம் வழுக்கும்போது ரயில் எஞ்சினிலிருந்து மணல் தூவுகிறார்கள். உராய்வு தடை மட்டுமே என்றால், நின்றுவிட்ட ரயிலை நகர்த்த அதை ஏன் கூட்டுகிறார்கள்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு விடை சொன்ன பிறகு, நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்குமாறு வேண்டுகிறேன்.