டெயில் லைட்டுக்குள் தண்ணீர்: அடைப்பதற்கு முன் வழியைக் கண்டுபிடியுங்கள்

[காட்சி: மழை விட்ட காலை. தெருவோரம் நிற்கும் காரின் பின்புறம். டெயில் லைட்டின் உட்புறம் வெளுத்திருக்கிறது. கீழ் மூலையில் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர்.]

வணக்கம். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டதும் சென்னைத் தெருக்களில் நிற்கும் கார்களின் பின் விளக்குகளைச் சற்று உற்றுப் பாருங்கள். சிலவற்றில் லென்ஸுக்கு உள்ளே ஆவி படர்ந்திருக்கும். ஒன்றிரண்டில் தண்ணீரே தேங்கி, கார் நகரும்போது ஆடும். இரண்டையும் ஒரே கோளாறு என்று எண்ணி, கையில் கிடைத்த பசையை எடுத்துச் சுற்றிலும் பூசிவிடுகிறார்கள். அப்படிப் பூசியதாலேயே கெட்டுப்போகும் விளக்குகளும் உண்டு.

ஏன் என்று பார்ப்போம். டெயில் லைட் காற்றுப் புகாத பெட்டி அல்ல. வேண்டுமென்றே அதன் முதுகில் காற்றுத்துளை வைத்திருப்பார்கள்.

[காட்சி: கழற்றிய விளக்கின் பின்பக்கம். வளைந்த சிறு ரப்பர் குழாய். வேறொரு விளக்கில் பட்டன் அளவு வெள்ளைப் படலம்.]

சில கார்களில் அது இப்படி முழங்கைபோல் வளைந்த ரப்பர் குழாய். சிலவற்றில் காற்றையும் நீராவியையும் விட்டு, தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய படலம். பல்பு எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிகிறது. 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் அதன் பருமன் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் கூடும். அந்த அளவு காற்று துளை வழியாக வெளியேறும். விளக்கை அணைத்துக் குளிர்ந்ததும், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கடற்கரை ஊரில் அந்த வெளிக்காற்று ஈரம் சுமந்தது. வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், லென்ஸ் ஏறத்தாழ 26 டிகிரிக்கு இறங்கினாலே போதும், உள்ளே பனிக்கத் தொடங்கிவிடும். குளிர்ந்த மோர்ச் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல, இங்கே உட்புறம் வியர்க்கிறது.

ஆகவே, லென்ஸில் மெல்லிய ஆவி மட்டும் படர்ந்திருந்தால் பதற வேண்டாம். விளக்குகளைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வண்டியை ஓட்டுங்கள். பல்பைச் சுற்றியிருக்கும் பகுதி முதலில் தெளிந்து, மெல்ல ஓரங்களும் தெளியும். எல்இடி விளக்கு என்றால் அதிக நேரம் பிடிக்கும். லென்ஸை நோக்கி அது வீசும் சூடு குறைவு. மழைக்குப் பிறகும் கழுவிய பிறகும் இப்படித் தற்காலிகமாகப் பனிப்பது இயல்புதான் என்று பல கார்களின் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறார்கள்.

பெரிய துளிகள் வழிந்து இறங்குகின்றனவா? அடியில் தண்ணீர் நிற்கிறதா? வெயிலில் நாள் முழுக்க நின்றும் தெளியவில்லையா? அப்படியானால் ஒன்று தண்ணீர் புகும் வழி இருக்கிறது, அல்லது காற்றுத்துளை சேற்றாலோ தூசியாலோ அடைபட்டிருக்கிறது. வாரண்டி இருக்கும் கார் என்றால் கை வைக்காமல் சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்கள்.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், தண்ணீர் பார்வைக்கு அசிங்கமாக இருப்பதோடு நிற்பதில்லை. ஹோல்டரின் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு பிடிக்கும். எர்த் இணைப்பு கெட்டால் மின்சாரம் வேறு பல்பின் வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு மழையில் உங்கள் பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கப்போகிறீர்களா, திரும்பப்போகிறீர்களா என்பது அந்தப் பின் விளக்கின் வெளிச்சத்தில்தான் தெரியும்.

[காட்சி: டிக்கி திறக்கிறது. உள்பக்க மூடியை விலக்கி, நட்டுகளைக் கழற்றும் கைகள்.]

சரி, கழற்றுவோம். சாவியை எடுத்துவிடுங்கள். ஒயர் இணைப்பைப் பிரிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நட்டுகளை எடுத்த பிறகு விளக்கை நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் பிளாஸ்டிக் ஊசிகள் முறியும்.

பல்பு ஹோல்டரை முதலில் பாருங்கள். பல்பு மாற்றியவர் அதை முழுதாகத் திருகாமல் விட்டிருக்கலாம். அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கலாம். வளையத்தை மாற்றிப் பொருத்தினால் வேலை அதோடு முடிந்துவிடும்.

அங்கே குறை இல்லையென்றால் சோப்புத் தண்ணீர்ச் சோதனை. இதைத் தவிர்க்கவே கூடாது. ஹோல்டர்களை அதனதன் இடத்தில் மாட்டுங்கள். காற்றுத்துளைகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை டேப்பால் மூடுங்கள். திறந்த துளையில் ஒரு குழாயைச் செருகி வாயால் மெதுவாக ஊதுங்கள். கம்ப்ரஸர் காற்று வேண்டாம். நல்ல இணைப்பையும் அது பிளந்துவிடும். லென்ஸும் பின்கூடும் சேரும் விளிம்பு முழுக்க இன்னொருவர் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும்.

[காட்சி: மிக அருகில் லென்ஸின் கீழ் மூலை. கடுகு அளவுக் குமிழிகள் வரிசையாக எழுகின்றன.]

இதோ, இங்கே. வெறும் கண்ணுக்கு இந்த மூலையில் ஒன்றுமே தெரியவில்லை. இப்போது நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், ஓரிடத்தில் தட்டும். பார்க்கிங்கில் யாரோ லேசாக இடித்ததில் விட்ட மயிரிழை விரிசல். மார்க்கர் பேனாவால் குறித்துவிடுங்கள்.

அடுத்து உலர்த்துவது. ஹோல்டர்களைக் கழற்றி, திறப்பு கீழே இருக்கும்படி சாய்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு, நல்ல வெயிலில் வையுங்கள். அவசரமென்றால் ஹேர் டிரையர், குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளி. துணியையோ குச்சியையோ உள்ளே விட்டுத் துடைக்காதீர்கள். பிரதிபலிப்பானின் வெள்ளிப் பளபளப்பு மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. தொட்டாலே உரிந்து வரும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டு மூடுவதும் வேண்டாம். அது நிறைந்த பிறகு, சூடேறும்போது உறிஞ்சிய ஈரத்தைத் திருப்பி விட்டுவிடும்.

விரிசலைச் சுற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் இரண்டும் கூடாது. லென்ஸின் அக்ரிலிக்கில் புதிதாக நுண்விரிசல்களை அவை உண்டாக்கும். ஃபெவிக்விக் வகைப் பசையும் கூடாது, அதன் ஆவி லென்ஸை வெளுக்கச் செய்யும். தேவை சிலிகான் சீலண்ட். அதிலும் டியூப்பில் 'நியூட்ரல் க்யூர்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பிதுக்கும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை, இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அது உலோகத் தகடுகளை அரிக்கும். குறித்த இடத்துக்கு இருபுறமும் கொஞ்சம் தாண்டிப் பூசி, விரலால் அழுத்தித் தேய்த்து, 24 மணி நேரம் அசையாமல் விடுங்கள். காற்றுத்துளைகளில் ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது. மூடிய டேப்புகளையும் மறவாமல் எடுத்துவிடுங்கள்.

லென்ஸில் துண்டு பெயர்ந்திருந்தாலோ, எல்இடி தகடு அரித்துப்போயிருந்தாலோ பசையோடு போராட வேண்டாம். புது விளக்குதான்.

அடியில் டிரில் போட்டுத் தண்ணீரை வடியவிடும் வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேண்டவே வேண்டாம். தண்ணீர் வடியும் துளை வழியாகச் சக்கரம் வாரியடிக்கும் சேறும் நீரும் ஏறும். வந்த வழியும் அடைபடாமல் அப்படியே இருக்கும்.

[காட்சி: விளக்கு திரும்பப் பொருத்தப்படுகிறது. குழாயிலிருந்து மெல்லிய தண்ணீர்.]

திரும்ப மாட்டும்போது, விளக்குக்கும் பாடிக்கும் நடுவே வரும் ஸ்பாஞ்ச் கேஸ்கட்டைப் பாருங்கள். நசுங்கித் தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கி ஸ்டெப்னி குழியில் தேங்கும். நட்டுகளை மாற்றி மாற்றி, சீராக இறுக்குங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடம் மேலிருந்து ஓடவிட்டு, விளக்கையும் டிக்கி விரிப்பின் அடியையும் பாருங்கள். வாட்டர் சர்வீஸில் அழுத்த நீரை விளக்கின் விளிம்பில் நெருக்கிப் பீய்ச்ச விடாதீர்கள். வெயிலில் காய்ந்து சூடான விளக்கில் குளிர்ந்த நீரையும் கொட்டாதீர்கள். உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, கிடைத்த இடுக்கு வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

வண்டியை எடுப்பதற்கு முன், வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, பார்க், பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் நான்கையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுங்கள். பிரேக்கை மிதிக்கும்போது பிரேக் விளக்கு மட்டும் பளிச்சென்று எரிகிறது என்று அவர் சொல்ல வேண்டும்.